சுவரில் மூன்று வார்த்தை அதிகம்

உப்பளத்தில் மூட்டை எண்ணுகிறவன் எதையும் இரண்டு முறை எண்ணுவான். நான் முப்பத்தொரு வருஷமாக எண்ணுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்பு. இனி லோடு சீட்டு இங்கிலீஷில்தான், முன்னூறு கடின வார்த்தை தெரிந்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். தலை நரைத்த பிறகு டிக்‌ஷனரி புரட்டும் அன்பர்களுக்கு என் அவஸ்தை புரியும். தினம் ஒரு வார்த்தையைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினேன். இங்கிலீஷ் சின்ன ‘ஐ’ எழுத்தின் தலையில், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற பழக்கத்தில், குட்டி வட்டம் போட்டுவிடுவேன். அது மட்டும் மாறவேயில்லை.

தொண்ணூற்றேழு

மாலையில் பூட்டும்போது தொண்ணூற்றாறு. காலையில் திறந்தால் ஒன்று அதிகம்: ‘டிசால்வ்’. வட்டம் போட்ட என் கையெழுத்தேதான். நான் எழுதவில்லை; சாவியோ என் இடுப்பில். பொருள் பார்த்தேன்: கரைந்துபோதல்.

அன்று பளீரென்ற வெயிலிலேயே மழை கொட்டி, மூடாத உப்பு அம்பாரம் பாதியாகிவிட்டது. பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் என்ஜினை ஓட்டும் ஆறுமுகம் சுவரைப் பார்த்துச் சிரித்தான்: “இனிமே போனஸ், இன்கிரிமென்ட்னு நல்ல வார்த்தையா எழுதுங்கண்ணா.”

நாற்பத்திரண்டு காலடி

நூற்றெண்பதாவது இடத்தில் ஒரு காலையில் ‘வானிஷ்’ இருந்தது. மறைந்துபோதல். கேலி செய்வார்களே என்று கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

டீ குடித்துவிட்டு ஆறுமுகம் வரப்பு வழியே என்ஜினுக்குப் போனான். இருபுறமும் பாத்தி, மறைய ஒரு செடிகூடக் கிடையாது. ஈர மண்ணில் அவன் காலடி நாற்பத்திரண்டு. இரண்டு முறை எண்ணினேன். அதற்கப்புறம் இல்லை. போலீஸ் வந்து தேடியது. ஆள் இன்றுவரை வரவில்லை. உப்பு சுமக்கும் செல்வி கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றையேதான் சொல்கிறாள்: “குனிஞ்சு கூடையைத் தூக்கினேன், நிமிர்ந்தா ஆளே இல்லீங்க.”

வட்டம்

என் முன்னூறு முடிந்த மறுநாள், சுவரில் முன்னூற்று மூன்று. கடைசியாக இருந்தது ‘ரிலிங்க்விஷ்’. தன் இடத்தைத் தானே விட்டுக்கொடுத்தல். விடாவிட்டால் என்ன ஆகும் என்று டிக்‌ஷனரியில் போடவில்லை.

பத்து மணிக்கு முதலாளி, அனுமந்தையிலிருந்து நாற்பது வயதுக்காரர் ஒருவரோடு வந்தார். நன்றாக எழுதுபவருக்கு வேலை என்று இருவரிடமும் சீட்டு கொடுத்தார். நான் எழுதும் முன் அவர் சீட்டை எட்டிப்பார்த்தேன். ஒவ்வொரு ‘ஐ’ தலையிலும் குட்டி வட்டம். என் சீட்டை வெற்றாகவே வைத்துவிட்டு, சாவியை அவிழ்த்து அவரிடம் கொடுத்தேன். இங்கே முன்பு வந்ததுண்டா என்று மட்டும் கேட்டேன். “இல்லீங்க, இந்த உப்பளத்துப் பக்கம் இன்னைக்குத்தான் வர்றேன்.”

கஷ்டப்பட்டு முன்னூறு வார்த்தை படித்தேன். உபயோகப்பட்டது என்னவோ நான் எழுதாத மூன்றுதான்.