ஒரு மாத்திரை போதும் என்ற சேகர்

செல்லங்களே, அப்பா தினமும் போடுவது எச்.ஐ.வி மாத்திரை என்று உங்களுக்குத் தெரியும். ஓசூர் ரூமில் என்னோடு தங்கி, என் கம்பெனியிலேயே வேலை பார்த்த சேகரிடம் மட்டும் அதை வயிற்றுக்கான கேஸ் மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் யாரோ ஒரு பெண்ணிடம் போய்வந்து சிரித்தான். "ஆணுறையெல்லாம் எதுக்குண்ணா? இப்பதான் எச்.ஐ.விக்கு மாத்திரை வந்துடுச்சே. ஒண்ணு போட்டா போயிடும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "தம்பி, அந்த மாத்திரையத்தான் நான் வருஷக்கணக்கா போடறேன். போகாது, அடங்கித்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வா" என்றேன்.

மறுநாள் காலையே கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போனேன். சீக்கிரம் வந்ததால் தொற்றைத் தடுக்கப் பார்க்கலாம் என்று ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். என்னோடு தங்குவதால் எதுவும் ஒட்டாது என்றும் டாக்டர் அவனிடம் சொன்னார்.

ரூமுக்கு வந்து டீ ஊற்றினேன். இருக்கிற இரண்டு டம்ளரில் எது யாருடையது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. அன்று அவன் தொடவில்லை. "பக்கத்து ரூம்ல இடம் இருக்குதுண்ணா" என்று பாயைச் சுருட்டினான். ஆணுறை இல்லாமல் போகப் பயப்படாதவன், என் டம்ளருக்குப் பயந்தான்.

"மாத்திரைய நடுவுல விட்டுடாத" என்று மட்டும் சொன்னேன்.

அவன் போனதும் அவனுடைய டீயையும் நானே குடித்தேன். இரண்டு டம்ளரையும் கழுவி, எப்போதும்போல் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.