பெயர் எழுதாத நோட்டு

மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் வாத்தியார். ஒரே அர்த்தம் போலத் தோன்றும் வார்த்தைகளைப் பிரித்துக் காட்டுவதில் கிறிஸ்துராஜ் சாரை மிஞ்ச மதுரையில் ஆள் கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் அநேகமாக நான்தான்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஜூலையில் ஐந்து வார்த்தைகளைக் கரும்பலகையில் எழுதினேன். மனுஷனுக்கு மனுஷன் விலகி நிற்பதற்கு வெள்ளைக்காரன் படிப்படியாக வார்த்தை வைத்திருக்கிறான். ரிசர்வ்டு, அதிகம் பேசாதவன்; அது குறையே இல்லை, பாதி பாராட்டு. டிஸ்டன்ட், கிட்டே இருக்கவேண்டியவன் தள்ளிப் போனால். அலூஃப், கிட்டே வராமலே கொஞ்சம் மேட்டில் நிற்பவன். கோல்ட், மனசில் சூடு இல்லாதவன். கடைசி இன்டிஃபரன்ட், எதையும் பொருட்படுத்தாதவன். அவனுக்குக் கோபம்கூட வராது. ஒவ்வொன்றுக்கும் தெரிந்த ஆளை வைத்து வாக்கியம் எழுதி வாருங்கள் என்றேன்.

நோட்டுகளைத் திருத்துவது நான் அல்ல, என் மனைவி ஜோசபின். கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் டிரெயினிங் முடித்தவள். சோறு கொதிக்கிற நேரத்தில் நாற்பத்திரண்டு நோட்டையும் சிவப்பு மையில் திருத்தி அடுக்கிவிடுவாள். கையெழுத்துப் போடுவது என் உழைப்பு.

பதினாலு வருஷத்தில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீடுகளில் அது வழக்கமில்லை. "அம்மாவைச் சோறு வைக்கச் சொல்லு" என்று மகள் தெரசாவிடம் சொல்வேன். தெரசா இல்லாவிட்டால் தூணிடம் சொல்வேன். மனைவி தன் அப்பா வீட்டுக்குப் போனால், பக்கத்தில் இருக்கும் வில்லாபுரத்துக்குத் தபால் கார்டு போடுவேன், மாமனார் பேருக்கு.

அந்தச் சமயம் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வேலை காலியாக இருந்தது. புருஷன் கையெழுத்து இல்லாமல் மனு வாங்கமாட்டார்கள், மாசக் கடைசிச் சனிக்கிழமையோடு கெடு என்று தெரசாவிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னாள். மனுவை நாலாக மடித்துக் கடிகாரத்துக்கு அடியில் வைத்தாள். மூன்று வாரம் நான் அதைப் பிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. நோட்டை யார் திருத்துவது என்பதைத் தாண்டி அந்த யோசனை ஒரு அடி நகரவில்லை.

கெடுவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் நோட்டுக் கட்டைப் பிரித்தால் நாற்பத்துமூன்றாவதாக ஒரு நோட்டு இருந்தது. பெயர் இல்லை, திருத்தலும் இல்லை. முதல் வாக்கியத்தைப் படித்ததுமே ஒரு மேதையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று டிராயிங் மாஸ்டர் பீர் முகமதுவை நிறுத்தினேன். ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தமிழ்ல சொல்லு மாப்ள. உன் இங்கிலீஷ் கேட்டா எனக்குத் தலை சுத்தும்."

"ரிசர்வ்டு: இவர் பேசமாட்டார். அதனால் விவரம் தெரிந்தவர் என்று தெருவே நம்புகிறது."

பீர் முகமது சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"டிஸ்டன்ட்: பூசைக்குப் போகும்போது மனைவிக்கு இருபது அடி முன்னால் நடப்பார். ஒருநாள் அவள் பாதி வழியில் வீடு திரும்பிவிட்டாள். கோயில் வாசல் வரைக்கும் அவருக்குத் தெரியாது."

எனக்கும் ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தலைவலி.

"அலூஃப்: மழை வந்து தெருவே கொடித்துணி எடுக்க ஓடியது. இவர் ஜன்னலில் நின்று, நல்ல மழை என்றார். கோல்ட்: மனைவிக்குக் காய்ச்சல் என்றதும், அப்போ காப்பி, என்று கேட்டார்."

"யாரு மாப்ள இந்த ஆளு? அந்தப் பொம்பளைக்கு எம்புட்டுப் பொறுமை."

"ஏதோ பையனோட அப்பனா இருக்கும். பாவம்" என்றேன். நாலு வாக்கியத்துக்கே பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டு ஐந்தாவதைப் புரட்டினேன்.

இன்டிஃபரன்ட்: கடிகாரத்துக்கு அடியில் மூன்று வாரமாக ஒரு காகிதம் இருக்கிறது. இவர் தினமும் காலையில் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார்.

"சொல்லு மாப்ள, நேரமாச்சு."

"அவ்வளவுதான்."

பீர் முகமது என் முகத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் நேரா வீட்டுக்குப் போ. வழியில யார்கிட்டயும் இங்கிலீஷ் பேசாத. வாரேன்."

போனேன். தெரசா ஞானோபதேச வகுப்புக்குப் போயிருந்தாள். தூண் இருந்தது.

"பேனா எங்கே?"

"உங்க சட்டைப் பையில" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

மனுவைப் பிரித்தேன். நோட்டில் இருந்த அதே கையெழுத்து. சிவப்பு மையில் அவள் எழுதியதை நான் ஒருநாளும் படித்ததில்லை; அவள் எழுத்து எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டு நோட்டோடு சேர்த்து நீட்டினேன். அவள் மனுவை விட்டுவிட்டு மார்க்கைப் பார்த்தாள்.

"ஒரு மார்க்கு எதுக்குக் குறைச்சீங்க?"

"பேர் எழுதலை."

"அதைச் சொல்லி யாரு கூப்பிட்டா? எனக்கே மறந்துபோச்சு."

கூப்பிட அதைவிட நல்ல நேரம் வராது. வாயைத் திறந்தேன். வந்தது, "தண்ணி." கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் மடத்துக்குப் போனோம். தெருமுனை வரைக்கும் பழக்கத்தில் முன்னால் போய்விட்டு நின்றேன். அவள் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனாள். மிச்ச வழியெல்லாம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இத்தனை வேகமாக நடப்பவள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

மடத்துத் தலைவி மதர் கண்ணாடியைத் தேடிக்கொண்டே, மனு போட்டவர் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார்.

"ஜோசபின்" என்றேன். அதையும் மூன்றாம் ஆளிடம்தான் சொன்னேன். ஆனாலும் பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

மதருக்குக் காது கொஞ்சம் மந்தம். "சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார்.