மணல் நிரப்பிய குழாயும் சனிக்கிழமை வகுப்பும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மூன்று மாடி ஹார்ட்வெயார் கடை, அதற்குப் பின்னால் இரண்டு லொறி நிற்கும் ஸ்டோர், வெள்ளவத்தையில் ஐந்து மாடிக் கட்டடம், அதன் உச்சியில் இருநூறு பேர் உட்காரும் மண்டபம். எல்லாம் நான் கட்டியவை. ஐந்தாம் வகுப்போடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கியவன் நான். முதல் கடையைக் கலவரத்தில் எரித்தார்கள். சாம்பல் ஆறுமுன் அதே இடத்தில் தகரம் போட்டு ஆணி விற்றேன். படித்தவர்கள் எத்தனை பேரால் அது முடியும் என்று எனக்குத் தெரியாது.

அந்த மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் உயர்தரப் பரீட்சை மாணவர்களுக்கு ஆங்கில இலக்கிய வகுப்பு நடக்கிறது. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர். மண்டபம் என்னுடையது, ஆகவே பின்வரிசையில் போய் உட்காருவேன். என் ஆங்கிலம் பில் புத்தக ஆங்கிலம். ஆசிரியர் பாதியைத் தமிழில் விளக்குவார், எனக்கு அது போதும்.

போன வருடம் ஒரு நாடகம் படித்தார்கள், அதை அங்கேயே மேடையேற்றவும் ஏற்பாடு செய்தார்கள். பழைய அமெரிக்காவில் பியூரிட்டன்கள் என்று ஒரு கூட்டம். சிரிப்பதும் ஆடுவதும் கூடப் பாவம் என்று வாழ்ந்த ஊர். சில பெண்பிள்ளைகள் சூனியம் என்று கைநீட்ட, அவர்கள் காட்டிய ஆட்களை எல்லாம் பிடித்துத் தூக்கில் போடுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால், மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தால், உயிர் தப்பலாம். சிறையில் வதைபட்ட கதாநாயகன் கடைசியில் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டுத் தூக்குக்குப் போகிறான்.

"சேர், இந்த ஆள் சரியான லூசு," என்றான் கதாநாயகனாக நடிக்கவிருந்த மாணவன். "ஒரு சைன் தானே. வச்சிட்டு வீட்ட போயிருக்கலாம்."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஒத்திகையில் அவன் சிங்கம் போல் கர்ஜித்துக் காகிதத்தைக் கிழித்து மேலே வீசினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, மூணு நாள் அடி வாங்குன ஆளுக்கு இவ்வளவு சத்தம் வராது."

"தாத்தாக்கு எப்பிடித் தெரியும்? சீமெந்து மூடை விழுந்ததா?"

மறுபடியும் சிரிப்பு. எழுந்து மேடைக்குப் போனேன். அதுவரை என் மனைவிக்கும் முழுதாகச் சொல்லாததை அங்கே நின்று சொன்னேன்.

யுத்த காலம், தமிழர்களைத் தேடிச் சுற்றிவளைப்புகள் நடந்த காலம். என் கடையின் ஸ்டோர் கீப்பர் வடக்கைச் சேர்ந்தவர். அவரைத் தேடி ஒரு காலைப்பொழுதில் பொலிஸ் வந்தது. அவர் மீன் வாங்கப் பேலியகொடைக்குப் போயிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு அப்படியே தலைமறைவாகிவிட்டார். அவருக்குப் பதிலாக என்னை ஏற்றினார்கள். போகும்போது என் ஸ்டோரிலிருந்தே அரை அங்குல பிவிசி குழாயும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டார்கள்.

அதைக் கை நீளத்துக்கு அறுத்து, மணல் நிரப்பி, இரண்டு பக்கமும் துணியால் அடைப்பார்கள். அது தோலைக் கிழிக்காது. உள்ளே இருப்பதை உடைக்கும். முதலில் உள்ளங்கால், பிறகு முதுகு, பிறகு மேசையில் வலது கையை விரித்து வைத்து விரல்கள். "நம கியபங்" என்றான் அடித்தவன். பெயரைச் சொல் என்று அர்த்தம். ஸ்டோர் கீப்பரை ஒளித்து வைத்திருக்கிறவரின் பெயர்தான் அவர்களுக்கு வேண்டும். எனக்குத் தெரியும். முகத்துவாரத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பம், ஆபத்தென்றால் அவர் போகக்கூடிய ஒரே வீடு. அந்த வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

என் பக்கத்தில் கிடந்தவர் இரண்டாம் நாள் நான்கு பெயர் சொன்னார். நான்கு பேரையும் பின்னேரத்துக்குள் கொண்டுவந்து அடுத்த அறையில் போட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு குரல் கேட்டது. பிறகு மூன்றுதான் கேட்டது. அதற்குப் பிறகு என் வாய் பூட்டிக்கொண்டது. எனக்கு இரண்டு பல் போயிற்று, இரண்டு விரல் ஒடிந்து போயிற்று, பெயர் போகவில்லை.

நான்காம் நாள் என்னை விடுவதற்கு முன் சிங்களத்தில் ஒரு காகிதம் நீட்டினார்கள். யாரும் அடிக்கவில்லை, கடைப்படியில் விழுந்தேன் என்று எழுதியிருப்பதாகச் சொன்னான் ஒருவன். பேனை விரலில் நிற்கவில்லை. அவனே என் முஷ்டியை மூடிப் பிடித்துக்கொண்டான்.

மாணவன் மெதுவாகக் கேட்டான். "நீங்க சைன் வச்சீங்களா தாத்தா?"

"வச்சேன்."

"பிறகு?"

"பொறகு கடையத் தொறந்தேன். மொத வியாபாரம் அரை இஞ்சு கொழாய், இருவது அடி."

அவன் சிரிக்கவில்லை. என் கோணல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேனையை வாங்கி அந்தக் கடைசிக் காட்சியைச் செய்து காட்டினேன். வலது கை தானாகவே காகிதத்துக்குப் போகும். உடம்புக்கு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த மணிக்கட்டை இடது கை பிடித்து இழுக்க வேண்டும். ஒரே ஆளின் இரண்டு கை சண்டை பிடிக்க வேண்டும். காகிதம் அதில் கசங்கிக் கிழிய வேண்டும். சத்தம் வேண்டாம்.

நாடக நாளில் அவன் அப்படியே செய்தான். முன்வரிசையில் ஒரு தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். இது என் காட்சி என்று எனக்குத் தெரியும்.

நிகழ்ச்சித் தாளைப் புரட்டினேன். நெறியாள்கை, உடை, ஒளி, ஒலிபெருக்கிக்காரர் கூட இருக்கிறார். கடைசியில் "மண்டபம் தந்து உதவிய உரிமையாளர்". நன்றியுரையில் ஆசிரியர் அந்தக் காட்சியை மாணவர்களின் கற்பனை வளம் என்றார்.

என் பெயர் ஏன் இல்லை என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"ஐயா, பேரைப் போட்டால் ஆக்கள் ஏன் எண்டு கேப்பினம். பிள்ளையளின்ர தாய் தேப்பன்மார் பயப்பிடுவினம்," என்றார்.

"நான் அன்னைக்குப் பயந்தேனா சேர்?"

"அதில்லை ஐயா." ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு கொடுக்கத் திரும்பிவிட்டார்.

இந்த வருடம் புதிய மாணவர்களோடு அதே நாடகம், அதே மண்டபம். தாள் இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை. ஆகவே ஆசிரியருக்கும் தாள் தயாரிக்கிற மாணவர்களுக்கும் எழுதிக் கேட்கிறேன். மண்டபத்துக்கு நன்றி வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடலாம். கடைசிக் காட்சியை அமைத்தவர் என்று என் முழுப்பெயர் வர வேண்டும். தான் வாங்கிய அடியிலிருந்து அமைத்தார் என்றும் வர வேண்டும். அந்த மூன்று நாளைப் பற்றி என் கையெழுத்தோடு இருக்கும் ஒரே காகிதம், யாரும் அடிக்கவில்லை என்கிறது. இன்னொரு காகிதம் எனக்கு வேண்டும். பெயரை எப்படி எழுதுவது என்று சந்தேகம் இருந்தால் கடைப் பலகையைப் பார்த்து எழுதட்டும்.