மிர்ட்டில் கண்ணடித்தாள்

எங்கள் எடென்டேல் ஊமைப்பட ஸ்டுடியோவில் மிர்ட்டில் கவல்கேவுக்கு எப்போதும் ஒரே வேடம். புருஷன் பூங்காவில் எவளையோ பார்த்துக் கண்ணடிப்பான். இவள் குடையோடு ஓடிவந்து அவனை ஏரியில் தள்ளுவாள். நிஜத்தில் அவள் மில்வாக்கி நகரச் சலவைக்கூடத்தில் உழைத்த விதவை. தள்ளினால் ஆள் நிஜமாகவே பறப்பான்.

1916 வசந்தத்தில் ஒருநாள் டைரக்டர் கஸ் லிண்டாவரிடம் போய் நின்றாள்.

"இந்தத் தடவை நான் கண்ணடிக்கிறேன், கஸ். போலீஸ்காரனா வர்றானே, அவனைப் பாத்து."

"உன் வயசுக்கும் உடம்புக்கும் அது எடுபடாதும்மா. நீ குடையைத் தூக்கு, போதும்."

"பார்னிக்கு மட்டும் பதினெட்டா? முன்பல்லே கிடையாது. அவன் கண்ணடிச்சா சிரிக்கிறாங்கல்ல?"

படத்தில் அவளுக்குப் புருஷனான பார்னியே சிரித்துவிட்டான். கஸ் சிரிக்கவில்லை.

அவள் கெஞ்சவில்லை. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் பழகினாள். கேமராவின் கைப்பிடி சுற்றும் என்னைக் கூப்பிட்டு, "எப்படியிருக்கு, லெஸ்டர்?" என்பாள்.

"பயமாயிருக்கு."

"அப்போ இன்னும் சரியா வரலை."

படப்பிடிப்பு நாள். பார்னி ஒரு பெண்ணோடு பெஞ்சில் குழைந்துகொண்டிருந்தான். ஓடிவந்த மிர்ட்டில் சட்டென்று நின்றாள். எதிர் பெஞ்சிலிருந்த போலீஸ்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, குடையை விரித்து, பார்னியின் பார்வையிலிருந்து தங்கள் இருவரையும் மறைத்தாள். பிறகு விளிம்புக்கு மேலே தலை நீட்டி, பார்னியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போலீஸ்காரனுக்குக் கண்ணடித்தாள். அவனுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை, காதுவரை சிவந்துபோனான்.

"நிறுத்து!" என்று கஸ் கத்தியது எனக்குக் கேட்டது. ஆனால் கைப்பிடியைச் சுற்றிய என் கை நிற்கவில்லை.

"ஏய், அவ என் பொண்டாட்டிடா!" பார்னி பாய்ந்து வந்தான். அவள் நகர்ந்துகொண்டாள். யாரும் தள்ளாமலே ஏரியில் விழுந்தான்.

"உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்றார் கஸ்.

"வேணும். இந்த மாதிரி வேலைதான் வேணும். தியேட்டர்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க. யாரும் சிரிக்கலைன்னா நானே போயிடறேன்."

சனிக்கிழமை மதியக் காட்சி. அவள் உட்காரவில்லை, கடைசி வரிசைக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். குடை விரிந்தபோது, படத்துக்கு வாசித்த பியானோவைத் தவிர அரங்கில் சத்தமே இல்லை. அவள் கண்ணடித்ததும், மடியில் குழந்தையோடிருந்த ஒருத்தி முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு பெண்கள் எல்லோரும். பார்னி விழுந்தபோது பியானோக்காரரும் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

வெளியே வந்து கஸ் தொப்பியைச் சரிசெய்தார். "அடுத்த படத்துல யாரு? பால்காரனா, தபால்காரனா?"

"ரெண்டு பேரும். அப்புறம், போஸ்டர்ல என் பேரு பார்னி பேருக்கு மேல வரணும்."

ஒரு மாதம் தினமும் கேட்டாள். ஐந்தாவது வாரம் அவள் பேரை மேலே போட்டார்கள்.