அழிக்கச் சொன்ன படங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்யும் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆலையைப் படமெடுத்து இமெயிலில் அனுப்பும்படி கேட்க ஆரம்பித்திருந்த சமயம். முதலாளி என்னையும் மேனேஜரையும் மதுரைக்கு அனுப்பி டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கி வரச் சொன்னார்.

கடையில் இரண்டுதான் இருந்தன. ஒன்று கைக்கு அடக்கமானது. ஆனால் அதன் ஒயரைச் சொருக எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இடம் கிடையாது. மற்றது செங்கல் கனம். சாதாரண ஃபிளாப்பியிலேயே படம் பதியும். மேனேஜருக்குச் சின்னதுதான் பிடித்தது. நான் பெரியதைக் கேட்டேன். “நீதானே வச்சு மாரடிக்கப் போற, உன் இஷ்டம்” என்று விட்டுவிட்டார்.

கேமரா வாங்கிய மூன்றாவது வாரம், ஒரு காலையில் கார்டிங் பகுதியைப் படமெடுத்தேன். பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷின்கள் ஓடும் இடம் அது. சோழபுரத்துக்காரர் ஒருவர் அங்கே பத்து வருஷமாக வேலை செய்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரையும், பின்னால் நின்ற இன்னொரு தொழிலாளியையும் சேர்த்து நாலைந்து படம் எடுத்துவிட்டு மாடியேறினேன். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணனின் வலது கை மெஷினை ஓட்டும் பெல்ட்டில் சிக்கிவிட்டது. துண்டில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டு விரல்கள் போய்விட்டன.

மத்தியானம் நான் கீழே போனபோது அந்த பெல்ட்டின் மேல் இரும்பு மூடி ஒன்று புதிதாக முடுக்கப்பட்டிருந்தது. காலையில் அது இல்லை.

மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். குரல் தணிந்திருந்தது.

“காலைல எடுத்தியே, அதுக்கு நெகடிவ் கிடையாதுல்ல?”

“கிடையாது சார்.”

“அம்புட்டையும் அழிச்சிரு. நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. அவனா மூடியக் கழட்டிக் கைய விட்டான்னுதான் எழுதியிருக்கோம்.”

கேமராவை எடுத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தடயமே இருக்காது. விரல் அதன் மேல் இருந்தது, அழுத்த முடியவில்லை. “சார்ஜ் இறங்கிருச்சு சார். செத்த நேரம் போட்டுட்டு அழிக்கிறேன்” என்றேன். அதற்குள் முதலாளி போனில் கூப்பிட, மேனேஜர் தன் அறைக்குப் போனார். நான் ஃபிளாப்பியை உருவிக்கொண்டு வேறு புதிது ஒன்றைச் சொருகினேன். திரும்பி வந்தவர் கேமராவை வாங்கிப் பார்த்தார்.

“எல்லாம் போச்சா?”

“உள்ள ஒண்ணும் இல்ல சார்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் லெட்ஜரை விரித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வாசலில் எல்லாருடைய பையையும் சோதித்தார்கள். அன்றைக்கு மட்டும்தான் அப்படி. வாட்ச்மேன் என் சாப்பாட்டுப் பையிலிருந்து ஃபிளாப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னதும்மா?”

“கம்ப்யூட்டர் கிளாஸுக்கு அண்ணாச்சி. ஆறு மணிக்குப் போகணும்.”

மேனேஜரின் ஸ்கூட்டர் உள்ளேயிருந்து வருகிற சத்தம் கேட்டது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிற அவசரத்தில் அதைப் பையிலேயே போட்டுவிட்டார். நான் பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர் ஒன்றில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தேன். பெல்ட் திறந்து கிடந்தது தெளிவாகத் தெரிந்தது. அதையும் ஃபிளாப்பியையும் ஆஸ்பத்திரியில் அண்ணனின் மனைவியிடம் கொடுத்தேன். “நீ ஒம் பேரச் சொல்லாண்டாம் தங்கச்சி. ஒனக்கும் வேலை போயிரும்” என்றார் அவர்.

மறுநாள் அவர் ஆலைவாசலில் காத்திருந்து இன்ஸ்பெக்டரிடம் படத்தை நீட்டினார். நான் மாடி ஜன்னலில் நின்றேன். இன்ஸ்பெக்டர், “நெகடிவ் எங்கம்மா?” என்றார். இல்லை என்றதும் தலையை ஆட்டினார். “கம்ப்யூட்டர்ல என்ன வேணா மாத்தலாமே. இது செல்லாது.”

ஆனால் அவர் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கார்டிங் பகுதிக்குக் கொண்டுபோய் அங்கிருந்தவர்களிடம் காட்டினார். காலையிலிருந்து எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த இன்னொரு தொழிலாளி, படத்தை வெகு நேரம் பார்த்தாராம். பிறகு, “பின்னால நிக்கிறது நான்தான் சார். மூடி ரெண்டு மாசமா கெடையாது” என்றாராம்.

மேனேஜர் மாடிக்கு வந்தார்.

“யாரு கொடுத்தது?”

“நான்தான் சார்.”

“கேமராவ வச்சிட்டுப் போ.”

வைத்துவிட்டு வந்தேன். அந்த டிடிபி சென்டரிலேயே டைப் அடிக்கச் சேர்ந்தேன். வருஷக் கடைசியில் அண்ணனுக்கு நஷ்டஈடு கிடைத்தது. அவர் மனைவி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, “அவிய ஒன்னய நெனைக்காத நாளில்ல” என்று கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படமெடுக்கும்போதே அந்த மூடி இல்லாததை நான் பார்த்திருந்தேன். பெல்ட் ஓடுவது படத்தில் நன்றாக விழும் என்றுதான் நினைத்தேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.