வாகைக் கதவுக்கு எண்ணெய் வைத்தது

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில் நான் வீடு கட்டியபோது, என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசல் கதவில் மரம் தெரிய வேண்டும். தரைக்கு என்ன கல், சுவருக்கு என்ன நிறம் என்றெல்லாம் அவள் பேசவே இல்லை. ஆசாரி வாகைப் பலகையை இழைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். இழைக்க இழைக்க உள்ளிருந்து ரேகை கிளம்பி வந்திருக்கிறது, வெளிர்ப் பழுப்பும் கரும்பழுப்புமாக. அன்று நான் வேலை முடிந்து வந்ததும் முதல் பேச்சே அதுதான்.

"பெயிண்ட்டக் கொண்டாந்து அப்பி இத மறைச்சிராதீக."

எங்கள் தெருவில் கதவு என்றால் பெயிண்ட்தான். பச்சை, நீலம், காப்பிக் கலர். ஆசாரியும் அதைத்தான் சொன்னார். "மேக்கே பாத்த வாசல். வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும். பெயிண்ட அடிச்சுப்போட்டு நிம்மதியா இருங்க. ரேகையப் பாத்து என்ன செய்யப் போறீக, சோசியமா சொல்லப் போறீக?"

நான் சிரித்து வைத்தேன். எனக்கு எதிர்த்துப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்களிடம்தான் அப்படி என்றில்லை, எல்லாரிடமும் அப்படித்தான்.

சிவகாசியில் பெயிண்ட் கடைக்குப் போய், கூட்டம் கலையும் வரை ஓரமாக நின்றேன். கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்டதும், "மரம் தெரியணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் வார்னிஷ், அரக்கில் செய்த ஸ்பிரிட் பாலிஷ், ஆளிவிதை எண்ணெய் என்று எடுத்து வைத்தார். எது நல்லது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. எல்லாவற்றிலும் சின்ன டப்பாவாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆசாரி கழித்துப் போட்ட துண்டுப் பலகைகளில் ஒவ்வொன்றையும் பூசிப் பார்த்தோம். வார்னிஷ் கண்ணாடி போல மினுங்கியது. நேராகப் பார்த்தால் ரேகை இருந்தது. கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம்தான் தெரிந்தது. ஸ்பிரிட் பாலிஷில் நிறம் அருமையாக வந்தது. ஆனால் அதன்மேல் அவள் ஈரத் தம்ளரை வைத்து எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக வட்டம் விழுந்துவிட்டது. வாசல் தெளிக்கிற தண்ணீர் பட்டால் கதவெல்லாம் அப்படி ஆகிவிடும். எண்ணெய் மட்டும்தான் மேலே நிற்காமல் உள்ளே இறங்கியது. மினுமினுப்பு இல்லை. மரம் ஒரு படி கருத்து, ரேகை ஆழமாயிற்று. அவள் அந்தத் துண்டைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இது போதும்" என்றாள்.

எண்ணெய் என்று முடிவானதும் ஆசாரி ஒரு யோசனை சொன்னார். துணியில் தொட்டுத் தடவி, பிறகு உள்ளங்கையால் சூடு ஏறத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் நன்றாக இறங்கும் என்றார். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது, தானாகத் தீப்பிடிக்கும் என்றும் சொன்னார். பட்டாசுக்குள்ளேயே பிழைக்கிற எங்கள் ஊர்க்காரனுக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேய்த்தேன். எனக்குப் பட்டாசு ஆபீஸில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற வேலை. தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். மருந்தில் அலுமினியப் பொடி சேரும். சாயங்காலம் வெளியே வரும்போது நாங்கள் எல்லாரும் ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி இருப்போம். சோப்புக்கு அது முழுதாகப் போகாது. தேங்காயெண்ணெய் தேய்த்து ஊறினால்தான் கழன்று வரும். முதுகுக்கு எனக்குக் கை எட்டாததால் தினமும் அவள்தான் தேய்த்துவிடுவாள். அவளுக்கு வேறு ஆபீஸில் பெட்டியில் அடுக்குகிற வேலை. பொடி படாத வேலை.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனால் கதவுக்கு எண்ணெய் வைக்கும்போது என் கையும் எண்ணெயில் ஊறும், மிச்சமிருக்கிற பொடி கழன்று வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. துணி என்று எடுத்ததும், வேலைக்குப் போகும்போது தலையில் கட்டுகிற பழைய துண்டைத்தான். துவைத்து மடித்து வைத்திருந்தது, சுத்தம் என்று நினைத்தேன். தேய்த்து முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தேன். மேற்கு வெயில் கதவில் விழுந்திருந்தது. வாகை மரத்தில் ஊசி குத்தினாற்போல் நீள நீளமாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் பொடி இறங்கி நின்றிருந்தது. பழுப்பு மரத்தில் வெள்ளியில் கோடு இழுத்த மாதிரி ஒரு ரேகை விடாமல் தெரிந்தது. நாங்கள் பார்த்த எந்தத் துண்டிலும் அவ்வளவு எடுப்பாக வரவில்லை.

அவள் பார்த்துவிட்டு உலை வைக்கப் போனாள். பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவளுடைய அண்ணன் வந்தார். அவரும் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏ மாப்ளே, எந்தக் கடையில வாங்குனீக இந்தப் பாலிஷ? மொதலாளி வீட்டுக் கதவுல்லா இப்பிடி இருக்கும்!"

"கடையில இல்ல மச்சான். கையில இருந்தது எறங்கிருச்சு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பம் ஒங்க கையவே வாடகைக்கு எடுத்துக்கிறேன். எங்க வீட்டுக்கும் வந்து தடவிட்டுப் போங்க."

காப்பி கொண்டுவந்த என் மனைவி தம்ளரைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"நீ வேணும்னா ஒங்க வீட்டுல தடவிக்கோ அண்ணே. எனக்கு இத எடுத்திரணும்."

"ஏலா, கிறுக்கா ஒனக்கு? எம்புட்டு நல்லா இருக்கு!"

"நல்லாத்தான் இருக்கு. நான் இல்லங்கலயே. தெனமும் இந்த மனுசன் முதுகுல கெடக்கத அள்ளி அள்ளி வெளிய ஊத்துறேன். தலகாணில கெடக்கு. தட்டுல கெடக்கு. இந்தக் கதவையாவது விட்டு வைக்கக் கூடாதா? வாசலத் தொறக்கும்போதும் ஆபீஸத்தான் நான் பாக்கணுமா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

ஆசாரியைத் திரும்பக் கூப்பிடுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "வீட்டுல பிடிக்கல" என்றேன்.

"வீட்டுல பிடிக்கலன்னா அப்பீலே கெடையாது" என்று சொல்லிவிட்டு, அவர் கதவைக் கழற்றிப் படுக்க வைத்தார். உப்புத்தாள் போட்டுப் பார்த்தோம். தாள்தான் தேய்ந்தது. துளைக்குள் இருந்த பொடி அசையவில்லை. கடைசியில் இழைப்புளி போட்டு முகத்தையே சீவி எடுத்தார். சுருள் சுருளாக விழுந்த சீவல் வெயிலில் பளபளத்தது. ஆழமாக இருந்த சில துளைகளில் மட்டும் சாம்பல் நிறம் தங்கிவிட்டது. அதற்கு மேல் சீவினால் பலகை மெலிந்துவிடும் என்றார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அது கெடக்கட்டும்" என்றாள்.

இந்த முறை எண்ணெய் வைத்தது அவள். புதுத் துணி கிழித்து வைத்துக்கொண்டாள். நான் டப்பா மூடியைத் திறக்கப் போனேன்.

"அங்கன நின்னே சொல்லுங்க. கிட்ட வராதீக."

எதிரே வேப்பமரத்தடியில் நின்று, எங்கே எண்ணெய் தேங்கி நிற்கிறது, எங்கே பற்றவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ரேகை போகிற போக்கிலேயே கையை இழுத்துத் தேய்த்தாள். நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். காய்ந்த பிறகு பார்த்தால் சாதாரணமாகத்தான் இருந்தது. பழுப்பு மரம், அதில் கரும்பழுப்பு ரேகை. பக்கத்தில் வந்தால்தான் தெரியும். தெருவில் போகிறவர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை. மச்சான் தன் வீட்டுக்குக் காப்பிக் கலர் பெயிண்ட் அடித்துவிட்டார்.

இப்போது வேலை விட்டு வந்ததும் நான் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்விடுகிறேன். அங்கேயே எண்ணெய் தேய்த்து, முதுகுக்கு மட்டும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, திரும்பச் சுற்றி வந்து வாசல் வழியாக நுழைகிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் செய்தது, பழகிவிட்டது. ஒருநாள் மச்சான் இருக்கும்போது அப்படி வந்தேன்.

"என்ன மாப்ளே, சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வாரீக?"

அடுப்படியில் இருந்து அவள் குரல்தான் வந்தது. "வரட்டும் அண்ணே. வந்து உக்காரட்டும். தோச ஊத்துறேன்."

ஈரத் தலையோடு நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.