துவக்கு கேட்டவரை விசாரிக்க வந்தவர்

நீதிபதிகளைக் கொன்ற குண்டுகள் வெடித்த அந்த ஆண்டு, பலேர்மோ நகரில் வசதியானவர்கள் எல்லோரும் துப்பாக்கி வாங்க அனுமதி கேட்டார்கள். நான் வேலைசெய்த வீட்டுக்காரரும் கேட்டிருந்தார். அவரைப் பற்றி விசாரிக்க, இத்தாலியப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவிலிருந்து சீருடை அணியாத பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். வீட்டில் நான் மட்டுமே இருந்தேன்.

மெலிந்த மனிதர். சமையலறைக் கதிரையில் இருந்துகொண்டு, கேட்காமலே ஒரு மண்டரின் தோடம்பழத்தை எடுத்து உரித்தார். தோலைக் குப்பையில் போடவில்லை. தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். வந்த தடயத்தையே விடாத ஆள் என்று எனக்குள் சந்தேகம் மூண்டது.

"வீட்டுக்காரர் குடிக்கிறவரோ? மனிசியோடை சண்டை பிடிக்கிறவரோ?"

சீருடை இல்லாமல் வந்து அடுத்தவரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு போர் நடந்த எங்கள் ஊரில் ஒரே பதில்தான். "தெரியாது" என்றேன்.

அவர் சிரித்தார். "இஞ்சத்தை ஆக்களும் இதைத்தான் சொல்லுறவை. சரி, துவக்கு ஏனாம்?"

"கள்ளருக்குப் பயமாம்."

அவர் யன்னல் கம்பிகளையும் இரும்புக் கதவின் பூட்டையும் பார்த்தார். "திறப்பு ஆரிட்டை இருக்கு?"

"அவையிட்டையும் என்னட்டையும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "கவனமாயிருங்கோ, சிஞ்ஞோரா" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலைக்காரியான என்னை அந்த ஊரில் முதலில் மரியாதையாகச் சிஞ்ஞோரா, அம்மா என்று அழைத்தவர் அவர்தான்.

என்னைச் சந்தேகித்தாரா, எனக்காகப் பயந்தாரா என்று இன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்காரருக்கு அனுமதி கிடைத்தது; வீட்டுக்குத் துவக்கும் வந்தது. அதன்பிறகு திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே நான் மணியடிப்பேன். "நான்தான்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.